மேம்படுத்தலுக்குப் பின் அக இணையத்தில் செய்தியோடைகள் நின்றுபோனால் என்ன செய்வது

கிருஷ்ணகிரிக்கு அருகில் உள்ள ஒரு மாங்கூழ் நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் அக இணையத்தில், அதாவது நிறுவனத்துக்குள் மட்டும் திறக்கும் தளத்தில், பதினொரு செய்தியோடைகள் (ஆர்எஸ்எஸ்; ஓரிடத்தின் புதிய தகவல்களைத் தானாக வேறொரு பக்கத்துக்குக் கொண்டுவருபவை) உண்டு. ஆறு வெளியிலிருந்து வருபவை: பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அறிக்கைகள், ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகள், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் மழை எச்சரிக்கைகள், ஏற்றுமதி வணிகம் குறித்த மூன்று தளங்கள். மீதி ஐந்தும் நிறுவனத்துக்குள்ளேயே உருவாகுபவை. அவற்றுள் முக்கியமானது எடைமேடையிலிருந்து வரும் ஓடை. இன்று எந்த ரகம் எடுக்கிறோம், டோக்கன் எந்த எண் வரை போயிருக்கிறது என்பதை நுழைவாயில் டிவியில் காட்டுவது அதுதான்.

மாம்பழ வரத்து தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, சர்வரின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கும், அதனுடன் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும் அதன் தோற்றத்தை அமைக்கும் 'தீம்' தொகுப்பையும் புதிய பதிப்புகளுக்கும் மாற்றினேன். மறுநாள் நண்பகலுக்குள் ஏழு ஓடைகள் நின்றுவிட்டன. நுழைவாயில் டிவியில் 'ஆர்எஸ்எஸ் எரர்' என்ற ஆங்கில வரி மட்டும் நின்றது. போச்சம்பள்ளியிலிருந்தும் சந்தூரிலிருந்தும் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றி வந்த டிராக்டர்காரர்கள் அதைப் பார்த்துக் கொள்முதலை நிறுத்திவிட்டதாக நினைத்து, வெயிலில் காய் வாடிக்கொண்டிருக்க, காவலாளியிடம் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சரிசெய்ய எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின. ஏழு ஓடைகளும் ஒரே காரணத்தால் நின்றன என்று எண்ணி ஒரே தீர்வைத் தேடியதில்தான் அந்த நாட்களில் பெரும்பகுதி போனது; உண்மையில் அவை ஐந்து வெவ்வேறு காரணங்களால் நின்றிருந்தன.

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பகுதி ஆலைகளிலும் கல்லூரிகளிலும் சர்வர் பொறுப்பை அண்மையில் ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உபுண்டு, அப்பாச்சி (பக்கங்களை வழங்கும் மென்பொருள்), பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி), வேர்ட்பிரஸ் என்ற அமைப்பை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வரிசை இதுவேதான்.

1. கை வைப்பதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் கீழ்க்கண்டவை மேசைமேல் இருக்க வேண்டும். இவற்றைச் சேர்க்க அரை நாள் ஆகும். சேர்க்காமல் தொடங்கினால் அதைப்போலப் பல மடங்கு நேரம் போகும்.

முதலாவது, ஓடைகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் முழு முகவரி, அது உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா, எந்தப் பக்கத்தில் காட்டப்படுகிறது, உள்ளே யாருடைய பொறுப்பு, கடைசியாக எப்போது சரியாக இருந்தது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் எங்களிடம் இல்லை. முகப்பில் தெரிந்தவற்றை வைத்து நானே எழுதியதால், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் உள்பக்கத்தில் இருந்த ஓர் ஓடையை ஐந்து நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது, மேம்படுத்தலுக்கு முந்தைய காப்புநகல். தரவுத்தளம், வேர்ட்பிரஸ் கோப்புறை முழுவதும், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் காப்பெடுத்தால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். பழுதுக்கான விடை பெரும்பாலும் பழைய அமைப்புக் கோப்புகளில்தான் இருக்கும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் எது காணாமல் போனது என்பது தெரியும்.

மூன்றாவது, உங்களுக்கு முன் இருந்தவர் செய்த கைமாற்றங்கள் குறித்து எஞ்சியிருக்கும் எதுவும்: நோட்டுப் புத்தகம், பழைய மின்னஞ்சல், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கொடுத்த பணி அறிக்கை. அவர் இப்போது பெங்களூருவில் வேறு வேலையில் இருந்தாலும் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

நான்காவது, ஃபயர்வாலை (வலையமைப்புக்கு உள்ளும் வெளியும் போகும் தொடர்புகளை வடிகட்டும் தடுப்பை) யார் நிர்வகிக்கிறார்கள், அவர்களிடம் கோரிக்கை வைக்க எந்தப் படிவம், யாருடைய கையெழுத்து வேண்டும் என்ற விவரம்.

2. முதல் பன்னிரண்டு மணி நேரத்தை நம்பாதீர்கள்

மேம்படுத்தி முடித்த அன்றிரவு பதினொரு மணிக்கு முகப்பைத் திறந்து பார்த்தேன். எல்லா ஓடைகளும் செய்திகளோடு இருந்தன. மேலாளருக்கு 'வேலை முடிந்தது' என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் ஒவ்வோர் ஓடையாக நிற்கத் தொடங்கியது.

வேர்ட்பிரஸ், தான் பெற்ற ஓடையைத் தரவுத்தளத்தில் தற்காலிகமாகச் சேமித்துவைத்து, இயல்பாக 12 மணி நேரம் வரை அதையே காட்டும். நான் அன்றிரவு பார்த்தது மேம்படுத்தலுக்கு முன் சேமித்த பழைய நகல். ஒவ்வோர் ஓடையும் வெவ்வேறு நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்ததால், வெவ்வேறு நேரத்தில் காலாவதியாகி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிகழ்காலத்தில் ஏதோ பரவிக்கொண்டிருப்பதுபோல் அது தோன்றி, ஞாயிறு காலை முழுவதும் வைரஸ் தேட வைத்தது.

ஆகவே, மேம்படுத்தல் முடிந்தவுடன் சேமிப்பை நீங்களே காலி செய்துவிட்டு, அதன்பின் சோதியுங்கள். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவி இருந்தால் தற்காலிகச் சேமிப்புகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நீக்கலாம். இல்லாவிட்டால் அதற்கென உள்ள ப்ளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) ஒன்றைப் பயன்படுத்தலாம். பின்னர் ஒரு பழுதைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள். இல்லையேல் மூல ஓடையைத் திருத்திய பிறகும் பக்கத்தில் பழையதே நிற்கும்.

3. சர்வரில் அமர்ந்து சோதியுங்கள்

ஓர் ஓடை பக்கத்தில் தெரிய வேண்டுமானால் மூன்று இடங்கள் சரியாக இருக்க வேண்டும்: ஓடை உருவாகும் இடம், அது சர்வருக்கு வந்துசேரும் வழி, சர்வர் அதைப் படித்துக் காட்டும் இடம். எந்த இடத்தில் பழுது என்பதை முதலில் தீர்மானிக்காமல் எதையும் மாற்றக் கூடாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, ஓடையின் முகவரியைத் தம் மேசைக் கணினியின் உலாவியில் திறந்து பார்ப்பது. அது இரண்டு வகையில் ஏமாற்றும். உங்கள் கணினி வேறு வழியாக இணையத்துக்குப் போகலாம். ஆகவே உங்களுக்குத் திறப்பது சர்வருக்குத் திறக்காமல் போகலாம். மேலும், இன்றைய பெரும்பாலான உலாவிகள் ஓடையை அழகாக அடுக்கிக் காட்டுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்போடு அந்த வசதியை நீக்கிவிட்டது. அதைக் கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவும் 2022 ஜூனில் முடிந்தது. திறந்தவுடன் குறிமுறைகளாகத் தெரிவதோ, கோப்பாகப் பதிவிறங்குவதோ பழுது அல்ல. எங்கள் மனிதவளப் பிரிவில் இதையே பழுது என்று இரண்டு முறை புகார் எழுதினார்கள்.

சர்வரில் நுழைந்து, இணைய முகவரியைக் கட்டளைவரியிலிருந்தே திறக்கும் 'கர்ல்' கட்டளையால் ஓடையின் முகவரியை அழையுங்கள். தலைப்புத் தகவல்களையும் காட்டச் சொல்லுங்கள். விடையாக வரும் எண்தான் உங்களுக்கு வழிகாட்டி. 200 வந்து உள்ளே எக்ஸ்எம்எல் (ஓடை எழுதப்படும் குறிமுறை வடிவம்) இருந்தால் மூலமும் வழியும் சரி. பழுது காட்டும் இடத்தில். 404 வந்தால் முகவரி மாறியிருக்கிறது, அல்லது உங்கள் அப்பாச்சி அமைப்பு கெட்டிருக்கிறது. 401, 403 என்றால் அனுமதிச் சிக்கல். 407 என்றால் ப்ராக்ஸி (அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சர்வர்) கடவுச்சொல் கேட்கிறது. விடையே வராமல் நேரம் கடந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள்.

200 வந்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே வந்திருப்பது உள்நுழைவுப் பக்கமாகவும் இருக்கலாம். மேம்படுத்தலுக்குப் பின் ஒரு ப்ளகின் எல்லாப் பக்கங்களுக்கும் உள்நுழைவைக் கட்டாயமாக்கியிருந்தால், ஓடையைக் கேட்கும் நிரலுக்கும் உள்நுழைவுப் பக்கமே கிடைக்கும்; அது ஓடை அல்ல என்பதால் படிக்க முடியாமல் போகும். முதல் பத்து வரிகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உங்களுடைய சொந்தத் தளத்தின் ஓடையே 404 தந்தால், உபுண்டு மேம்படுத்தல் இடையில் கேட்ட ஒரு கேள்வியை நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்வதா, தொகுப்பின் புதிய கோப்பைப் போடுவதா என்று அது கேட்கும். புதியதைத் தேர்ந்தெடுத்திருந்தால், முகவரிகளை மாற்றி எழுத அனுமதிக்கும் வரி அப்பாச்சியின் முதன்மை அமைப்புக் கோப்பிலிருந்து போயிருக்கும். பழைய கோப்பு அழிந்துவிடவில்லை. அதே கோப்புறையில் 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற பின்னொட்டுடன் இருக்கும். அதிலிருந்து அந்த வரியை மட்டும் எடுத்துப் புதியதில் சேர்த்து, அப்பாச்சியை மறுதொடக்கம் செய்தால் போதும்.

4. வெளி ஓடைகள்: ப்ராக்ஸியும் ஃபயர்வாலும்

எங்கள் ஆறு வெளி ஓடைகளில் நான்கு நின்றிருந்தன. அவற்றுள் மூன்றை வெளியிடும் தளங்களில் எந்தக் குறையும் இல்லை. அந்த மூன்றுக்கும் காரணம் நம் பக்கத்து வழி.

அலுவலகம் ப்ராக்ஸி வழியாக இணையத்துக்குப் போகிறது என்றால், அந்த ப்ராக்ஸியின் முகவரி இரண்டு இடங்களில் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கட்டளைவரியில் நீங்கள் அழைக்கும் 'கர்ல்', இயங்குதளத்தின் சூழல் மாறிகளைப் பார்த்துப் போகிறது. வேர்ட்பிரஸோ தன் கான்ஃபிக் கோப்பில் எழுதியிருக்கும் ப்ராக்ஸி வரிகளை மட்டுமே பார்க்கிறது. ஆகவே ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாமல் இருப்பது இயல்பு. உள் முகவரிகள் ப்ராக்ஸிக்குப் போகாமல் நேரே செல்ல வேண்டும் என்பதற்கான விலக்குப் பட்டியலும் அதே கோப்பில் உண்டு. அதை நிரப்பாவிட்டால் வெளி ஓடைகளைச் சரிசெய்யும்போது உள் ஓடைகள் நிற்கும்.

ஃபயர்வால் தலைமை அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தால், கோரிக்கைக் கடிதத்தை முழுமையாக எழுதுங்கள். 'சர்வரில் இணையம் வரவில்லை' என்று நான் எழுதிய முதல் கோரிக்கை, விவரம் கேட்டு இரண்டு முறை திரும்பி வந்து நான்கு வேலைநாட்களை விழுங்கியது. இரண்டாவது கோரிக்கை ஒரே நாளில் முடிந்தது. அதில் இருந்தவை: சர்வரின் உள் ஐபி முகவரி, சென்றடைய வேண்டிய ஒவ்வொரு தளத்தின் முழுப் பெயர், போர்ட் 443, எதற்காக என்பதற்கு ஒரு வரி, எப்போதிலிருந்து தேவை, துறைத் தலைவரின் ஒப்புதல், சர்வரில் கிடைத்த பிழைச் செய்தியின் நகல். ஒரு தளத்தின் ஓடை வேறொரு பெயருக்குத் திருப்பிவிடப்பட்டால் அந்தப் பெயரையும் சேர்த்தே கேளுங்கள். 'கர்ல்' காட்டும் 301, 302 விடைகளில் அது தெரியும். வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பும் கடிதம் திங்கட்கிழமைதான் திறக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நான்காவது ஓடை, ஒரு வணிகச் செய்தித் தளத்தினுடையது. உபுண்டு 22.04-இல், பாதுகாப்பான இணைப்புகளைக் கையாளும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 3.0 பதிப்பு வருகிறது. பாதுகாப்பற்ற பழைய மறுபேச்சு முறையை மட்டுமே அறிந்த சர்வர்களோடு அது இயல்பாகப் பேச மறுக்கும். பிழைச் செய்தியில் 'லெகஸி ரீநெகோஷியேஷன்' என்ற சொற்கள் வந்தால் அதுதான் காரணம். அந்தத் தடையைச் சர்வர் முழுவதற்கும் தளர்த்தும் வழி இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. நான் அதைச் செய்யவில்லை. நீங்களும் செய்ய வேண்டாம். ஒரு செய்திப் பகுதிக்காக, வங்கி விவரங்களும் விவசாயிகளின் கணக்குகளும் இருக்கும் சர்வரின் பாதுகாப்பைக் குறைப்பது சரியாகாது. அந்த ஓடையை நீக்கிவிட்டு, தள நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

5. சான்றிதழ்: இரண்டு நாட்களைத் தின்ற இடம்

உள் சர்வர்களுக்கு நிறுவனமே வழங்கிய சான்றிதழ் (சர்வர் தான் யார் என்பதை மெய்ப்பிக்கும் கோப்பு) இருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

தரக்கட்டுப்பாட்டு ஓடை தனிச் சர்வரிலிருந்து எங்கள் சொந்தச் சான்றிதழுடன் வருகிறது. மேம்படுத்தலுக்குப் பின் 'சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை' என்ற பிழை வந்தது. எங்கள் மூலச் சான்றிதழை உபுண்டுவின் சான்றிதழ்க் கோப்புறையில் போட்டு, பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையையும் கொடுத்தேன். 'கர்ல்' உடனே சரியாக வேலை செய்தது. வேர்ட்பிரஸ் மட்டும் அதே பிழையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது, தெரியாதவரைதான் கடினம். வேர்ட்பிரஸ் இயங்குதளத்தின் சான்றிதழ்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை. தன்னுடைய உள்கோப்புறையில் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. எனக்கு முன் இருந்தவர் எங்கள் சான்றிதழை அந்தக் கோப்பின் அடியில் கையால் ஒட்டியிருந்தார். வேர்ட்பிரஸைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்புறை முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. ஒட்டிய வரிகள் அத்துடன் போய்விட்டன. காப்புநகலில் இருந்த பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டபோது, பழையதன் கடைசியில் எங்கள் நிறுவனச் சான்றிதழின் வரிகள் தனியாகத் தெரிந்தன.

மறுபடி அதே கோப்பில் ஒட்டாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் மீண்டும் போய்விடும். எந்தச் சான்றிதழ்க் கோப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று வேர்ட்பிரஸுக்குச் சொல்லும் வடிகட்டி ('ஃபில்டர்') ஒன்று உள்ளது. அதைச் சிறு ப்ளகினாக எழுதி, புதுப்பிப்புகள் தொடாத 'மஸ்ட் யூஸ்' கோப்புறையில் வையுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை ஏற்க வேண்டாம்.

இங்கே ஒரு செலவுப் பொறியும் உண்டு. உள் பெயருக்கோ 192.168 என்று தொடங்கும் முகவரிக்கோ பொதுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பரிலிருந்து உள் பெயர்களுக்குச் சான்றிதழ் வழங்குவதில்லை.

சான்றிதழ்ப் பிழைக்குச் சர்வரின் கடிகாரமும் காரணமாகலாம். மேம்படுத்தலுக்குப் பின் நேர ஒத்திசைவுச் சேவை நின்றிருந்து நேரம் பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் 'இன்னும் தொடங்கவில்லை' என்று தள்ளப்படும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த நேரச் சர்வர்களோடு, கடிகாரம் இணைந்திருக்க வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. பழுது தேடும் அவசரத்தில் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

6. உள் முகவரியை வேர்ட்பிரஸே தடுப்பது

பிழைச் செய்தி 'சரியான முகவரி தரப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்து, முகவரியோ எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால், காரணம் இதுவாகவே இருக்கும்.

ஓடையைப் பெறும்போது வேர்ட்பிரஸ் பாதுகாப்புக்காகத் தனியார் ஐபி எல்லையில் உள்ள முகவரிகளை மறுக்கிறது: 10, 127, 192.168 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும். மேலும் 80, 443, 8080 தவிர்ந்த போர்ட்களையும் இயல்பாக ஏற்பதில்லை. எங்கள் எடைமேடை ஓடை 192.168 முகவரியில் 8085 போர்ட்டில் இருக்கிறது. இரண்டு விதிகளிலும் மாட்டும். முன்பு எப்படி வேலை செய்தது என்றால், விலக்கு அளிக்கும் வரிகளைப் பழைய பொறுப்பாளர் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதியிருந்தார். தீம் தொகுப்பைப் புதுப்பித்தபோது அவை போயின. அந்த வரிகளையும் 'மஸ்ட் யூஸ்' கோப்புறைக்கு மாற்றினேன். விலக்கைக் குறிப்பிட்ட பெயருக்கு மட்டும் கொடுங்கள், எல்லா உள் முகவரிகளுக்கும் திறந்துவிடாதீர்கள்.

7. ஓடையின் முதல் வரிக்கு முன் ஒன்றும் இருக்கக் கூடாது

எடைமேடை ஓடைக்கு வழி திறந்த பிறகும் அது வரவில்லை. 'எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் மட்டுமே இருக்கலாம்' என்று புதிய பிழை வந்தது. சர்வரில் ஓடையை அழைத்து முதல் வரிகளைப் பார்த்தேன். எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஐந்தாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே ஒரு வெற்று வரி, பின்னர் 'டெப்ரிகேட்டட்' என்று தொடங்கி, 'எஸ்டிஆர்எஃப்டைம்' என்ற செயற்கூறு கைவிடப்படவுள்ளது என்று பிஎச்பி விடுத்த எச்சரிக்கை, கோப்பின் பெயருடனும் வரி எண்ணுடனும்.

உபுண்டு 22.04-இல் பிஎச்பி 8.1 வருகிறது, 20.04-இல் இருந்தது 7.4. தேதியை வடிவமைக்கும் அந்தச் செயற்கூறு 8.1-இலிருந்து எச்சரிக்கை தருகிறது. நிரல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, தேதியும் சரியாகத்தான் வந்தது. ஆனால் எச்சரிக்கை திரையில் அச்சிடப்பட்டதால் ஓடையின் தலைப்பகுதி கெட்டது. எடைமேடை நிரலின் முதல் வரியிலேயே, பிழைகளைத் திரையில் காட்டு என்று யாரோ சோதனைக்காக எழுதிவிட்டு எடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்த வரியை நீக்கி, தேதிச் செயற்கூறையும் புதியதாக மாற்றினேன். 24.04-க்குப் போகிறவர்களுக்கு பிஎச்பி 8.3 வரும், 8.2-இலிருந்து 'யுடிஎஃப்8 என்கோட்' என்ற செயற்கூறும் இதே எச்சரிக்கையைத் தரும் என்பதால் பழைய நிரல்களில் அதையும் தேடிப் பாருங்கள்.

இதே குற்றத்தை நாமே செய்துவிட வாய்ப்புண்டு. பழுது தேடுவதற்காக வேர்ட்பிரஸின் டீபக் நிலையை (பிழைகளைக் காட்டும் சோதனை நிலையை) இயக்கினால், எச்சரிக்கைகள் திரையில் அச்சாகி, நன்றாக இருந்த உள் ஓடைகளும் உடையும். எனக்கு மனிதவள ஓடை அப்படித்தான் நின்றது. டீபக் நிலையை இயக்கும்போது, பதிவுக் கோப்பில் எழுது என்பதை இயக்கி, திரையில் காட்டு என்பதை அணைத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று காரணங்களால் தலைப்பகுதி கெடும். பிஎச்பி கோப்பின் முடிவுக் குறிக்குப் பின் விடப்பட்ட வெற்று வரி ஒன்று. விண்டோஸின் பழைய நோட்பேடில் திறந்து சேமித்ததால் கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி மற்றொன்று. மூன்றாவதாக, நிறுவனப் பெயர்களில் வரும் 'அண்ட்' குறி (&). 'அண்ட் சன்ஸ்' என்று முடியும் விற்பனையாளர் பெயர் தலைப்பில் வந்த நாளில் மட்டும் ஓடை நிற்கும், மறுநாள் தானாகச் சரியாகும். அந்தக் குறியை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதும்படி நிரலைத் திருத்த வேண்டும். 'எக்ஸ்எம்எல்லிண்ட்' என்ற இலவசக் கருவி, எந்த வரியில் எந்த எழுத்தில் பிழை என்பதைச் சொல்லிவிடும். உள் ஓடைகளை வெளித்தளச் சரிபார்ப்பான்களில் ஒட்ட வேண்டாம். கொள்முதல் விவரங்கள் வெளியே போகும்.

எந்த ஓடையுமே வரவில்லை என்றால், பிஎச்பியின் எக்ஸ்எம்எல், கர்ல், எம்பிஸ்டிரிங் நீட்சிகள் புதிய பதிப்புக்கு நிறுவப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். 7.4 என்று எண்ணைக் குறிப்பிட்டு நிறுவியவை 8.1-க்குத் தாமாக வராது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பும் பதிப்புக்குப் பதிப்பு தனி என்பதால், பழையதில் செய்த மாற்றங்கள் புதியதில் இருக்காது.

8. தமிழ் எழுத்துகள் குழம்பி வந்தால்

ஓடை வருகிறது, ஆனால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன என்றால், அது ஓடையின் பழுது அல்ல. சுற்றறிக்கையைப் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய தீம் அந்த எழுத்துருவைத் தன்னுடன் வைத்திருந்ததால் தமிழாகத் தெரிந்தது. புதிய தீமில் எழுத்துரு இல்லை. எழுத்துருவை மறுபடி சேர்ப்பது தற்காலிகத் தீர்வு. பழைய பதிவுகளை எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடுக்கு மாற்றி, இனி யூனிகோடில் தட்டச்சு செய்யும்படி அலுவலகப் பணியாளர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் கொடுப்பதே நிலையான தீர்வு. எங்கள் அலுவலகத்தில் முப்பது வருடமாகத் தட்டச்சு செய்துவரும் அம்மா ஒருவருக்கு இரண்டு வாரங்களில் பழகிவிட்டது.

கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் குறியாக்க அறிவிப்பு மாறியிருக்கக்கூடும். ஓடையின் முதல் வரி, அப்பாச்சியின் தலைப்புத் தகவல், தரவுத்தள இணைப்பு ஆகிய மூன்றும் யுடிஎஃப்-8 என்று சொல்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

9. சுவரில் உள்ள டிவி

அலுவலகக் கணினிகளில் சரியாகத் தெரிந்து நுழைவாயில் டிவியில் மட்டும் தெரியாவிட்டால், டிவியை இயக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியில் நிறுவனச் சான்றிதழ் இல்லை, அல்லது அது பழைய பக்கத்தையே பிடித்து வைத்திருக்கிறது. சான்றிதழை நிறுவி, உலாவியின் சேமிப்பை நீக்கி, பெட்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடை சரியாகும்வரை டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கரும்பலகையில் டோக்கன் எண்ணை எழுதிவையுங்கள். இதை முதல் நாளே செய்யாதது குறித்து இன்றும் வருந்துகிறேன்.

10. செலவும் நாட்களும்

மென்பொருளுக்குச் செலவு இல்லை. மேலே சொன்ன கருவிகள் அனைத்தும் இலவசம். காப்புநகலுக்கு ஒரு வெளி வன்தட்டு வாங்க வேண்டியிருக்கும். வெளியாளை அழைத்தால் நாள் கணக்கில் பேசாமல் ஓடைக் கணக்கில் பேசுங்கள். எங்களிடம் ஒருவர் 'முழுத் தளத்தையும் புதிதாக அமைத்தால்தான் சரியாகும்' என்று 40,000 ரூபாய் கேட்டார். கடைசியில் மாறியவை இரண்டு சிறு ப்ளகின்கள், ஒரு நிரலில் சில வரிகள், ஒரு ஃபயர்வால் விதி, எழுத்துரு மாற்றம் ஆகியவை மட்டுமே.

நாட்களைப் பொறுத்தவரை, காரணம் தெரிந்த பிறகு ஓர் ஓடைக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் போதும். ஃபயர்வால் கோரிக்கைக்குத்தான் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்பதால் அதை முதல் நாளே அனுப்பிவிட்டு, அது வரும்வரை உள் ஓடைகளைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். நான் ஒரே மாலையில் நான்கு மாற்றங்களைச் செய்து, எது வேலை செய்தது என்று தெரியாமல் நான்கையும் திரும்ப எடுக்க நேர்ந்தது.

மேம்படுத்தும் காலத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மாங்கூழ் ஆலைகளுக்கு மே முதல் ஜூலை வரை கூடாது. கல்லூரிகளுக்குச் சேர்க்கையும் தேர்வும் நடக்கும் மாதங்கள் கூடாது. உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால் தள்ளிப்போடவும் இயலாது. வரத்து முடிந்த பின், ஒரு வாரத்தின் நடுநாளில், மறுநாள் அலுவலகம் திறந்திருக்கும்போது செய்யுங்கள். 20.04-இலிருந்து நேரே 24.04-க்குத் தாவ முடியாது, 22.04-இல் நிறுத்தி, ஓடைகளைச் சோதித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

11. முடிந்த பிறகு எழுதிவைக்க வேண்டியவை

ஒரு கெட்டி நோட்டில், ஓர் ஓடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முகவரி, போர்ட், எந்தச் சான்றிதழ், எந்த ஃபயர்வால் விதி, கோரிக்கை எண், என்ன பிழை வந்தது, எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினீர்கள், தேதி, கையெழுத்து ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பிழைச் செய்தியை நினைவிலிருந்து எழுதாமல் திரையில் வந்தபடியே ஆங்கிலத்தில் நகலெடுங்கள். அடுத்து வருபவர் அதை வைத்துத்தான் தேடுவார். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். நோட்டைச் சர்வர் அறைப் பூட்டின் சாவியோடு சேர்த்து வைத்து, அது அங்கே இருப்பதை நிர்வாக மேலாளரிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.